காணொளியிலிருந்து திரையரங்குக்கு: அனுமதியின் இடம் மாறுகிறது

2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் மென்பொருள் பொறியாளர் கவின் செல்வகணேஷ் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 27. வேறு சாதிப் பெண்ணோடு அவருக்கிருந்த நட்பே காரணம் என்பது வழக்கு. கைதானவர் அப்பெண்ணின் சகோதரர். அவருடைய பெற்றோர் இருவரும் காவல் சார்பு ஆய்வாளர்கள். அடுத்த சில நாட்களிலேயே ‘பரிதாபங்கள்’ யூடியூப் சேனலில் கோபியும் சுதாகரும் ‘சொசைட்டி பாவங்கள்’ என்ற காணொளியை வெளியிட்டனர். இளைஞர்களின் தலையில் சாதிப் பெருமிதத்தை ஏற்றி, அவர்கள் கையில் அரிவாளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் பெரியவர்களை அது எள்ளி நகையாடியது. லட்சக்கணக்கானோர் அதைப் பார்த்தனர். ஒரு குறிப்பிட்ட சமூகத்தை இழிவுபடுத்துவதாகவும் மோதலைத் தூண்டுவதாகவும் அவ்விருவர் மீதும் காவல்துறையிடம் புகார்கள் அளிக்கப்பட்டன. கொலைக்குக் கிளம்பாத கோபம் நகைச்சுவைக்குக் கிளம்பியதை நாம் கண்டோம்.

அதே 2025இல் இவர்கள் தங்கள் சொந்தத் தயாரிப்பில் ‘ஓ காட் பியூட்டிஃபுல்’ என்ற திரைப்படத்தை அறிவித்திருந்தனர். பிறருடைய சேனலில் நடிக்கத் தொடங்கி, பின்னர் தங்களுக்கெனச் சேனல் நிறுவி, அங்கிருந்து திரையரங்கை நோக்கிச் செல்கிறார்கள். இது அவர்களுக்கு முதல் முயற்சியும் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன்பு பார்வையாளர்களிடமே நிதி திரட்டி ஒரு படம் எடுக்க முயன்றார்கள். அது திரைக்கு வரவில்லை. கோவையின் ‘நக்கலைட்ஸ்’ குழுவிலிருந்து வந்தவர்கள் 2025 ஜனவரியில் ‘குடும்பஸ்தன்’ வழியாகத் திரையரங்கை அடைந்துவிட்டார்கள். தமிழ் இணையக் காணொளியில் பெயர் பெற்றவர்களின் அடுத்த படி சினிமா என்பது ஏறத்தாழ எழுதப்படாத விதியாகிவிட்டது.

இவர்களின் படம் ஓடுமா ஓடாதா என்பதை வணிகப் பக்கங்கள் பார்த்துக்கொள்ளும். சாதி ஒழிப்பு அரசியலில் நிற்கும் நமக்கு வேறு கேள்வி இருக்கிறது. ‘சொசைட்டி பாவங்கள்’ காணொளியாக அல்லாமல் திரைப்படமாக எடுக்கப்பட்டிருந்தால் அது எந்த வடிவில், எந்த நாளில், யாருடைய அனுமதியோடு நம்மிடம் வந்து சேர்ந்திருக்கும்? இணையத்தை விட்டு இன்னொரு ஊடகத்துக்கு மாறும் ஒவ்வொரு படைப்பாளியும், குறிப்பாகத் தலித் படைப்பாளி, சந்திக்கப்போகும் சட்டக் கேள்வி இதுதான்.

முன்வாசலும் பின்வாசலும்

இந்தியாவில் நாளிதழுக்கு முன்தணிக்கை இல்லை. நூலுக்கும் இல்லை. பொதுமேடைப் பேச்சுக்கும் இல்லை. திரைப்படத்துக்கு மட்டும் உண்டு. கே.ஏ. அப்பாஸ் தன் ஆவணப்படத்துக்காகத் தொடுத்த வழக்கில் 1970இல் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒப்புதல் முத்திரை வைத்தது. அசையும் படம் மற்றக் கலைகளைவிட ஆழமாக மனத்தைத் தாக்கவல்லது, ஆகவே அதை வேறாக நடத்தலாம் என்பது அன்றைய தர்க்கம். இன்று எந்தத் திரையரங்கையும்விட அதிகமானோர் கைப்பேசியில் அசையும் படத்தைப் பார்க்கிறார்கள். தர்க்கம் காலாவதியாகிவிட்டது, சட்டம் அப்படியே நிற்கிறது. 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி தணிக்கை வாரியத்தின் சான்றிதழ் இன்றி எந்தப் படத்தையும் பொதுவெளியில் திரையிட முடியாது. வாரியத்தின் முடிவை எதிர்த்து முறையிட முன்பு ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருந்தது. 2021 ஏப்ரலில் ஒன்றிய அரசு அதையும் கலைத்தது. இப்போது உயர் நீதிமன்றம்தான் ஒரே வழி. வழக்கறிஞர் கட்டணமும் காத்திருப்பும் சிறு தயாரிப்பாளரின் முதுகை முறிக்கும்.

இது ஊகமன்று. ‘அறம்’ இயக்கிய கோபி நயினாரின் ‘மனுசி’ நம் கண்முன்னேயே இருக்கிறது. வெற்றிமாறன் தயாரித்த அந்தப் படத்துக்கு 2024இல் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. மறுஆய்வுக்குப் பிறகு 37 இடங்களில் ஆட்சேபம் வந்தது. மீண்டும் வழக்கு. 2025 ஆகஸ்ட் 24 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தாமே படத்தைப் பார்த்தார். அறியப்பட்ட இயக்குநர், அதைவிட அறியப்பட்ட தயாரிப்பாளர், உயர் நீதிமன்றம் வரை செல்லும் வசதி ஆகிய அனைத்தும் இருந்தும் இதுதான் நிலை. பெயரில்லாத முதல் படக்காரரின் கோப்பு எந்த மேசையில் கிடக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

எதிர்த்திசையில் நடந்த பயணமும் ஒன்றுண்டு. மனிதக் கழிவை மனிதர் அகற்றும் கொடுமையைப் பதிவு செய்த திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படம் 2017இல் வந்தது. ஊர் ஊராகத் திரையிடச் சென்றபோது காவல்துறை பல இடங்களில் தடுத்தது. அரங்கு மறுக்கப்பட்ட படம் பிறகு இணையத்தில் ஏறியது. அங்கேதான் மக்களை அடைந்தது. அந்த ஆண்டு ஜூலையில் அவர் கைது செய்யப்பட்டார். காரணமாகக் காட்டப்பட்டது 2009ஆம் ஆண்டின் மாணவர் போராட்ட வழக்கு. எட்டு ஆண்டுகள் உறங்கிய வழக்கு படம் வெளிவந்த ஆண்டில் விழித்துக்கொண்டது. அரங்கின் முன்வாசல் சாத்தப்பட்டபோது திறந்திருந்தது இணையம் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம். ஆனால் இணையத்துக்குப் பின்வாசல் உண்டு. அந்த வழியாகத்தான் காவல்துறை வரும்.

ஒரு கசப்பான செய்தியையும் இடையில் சொல்லிவிடுகிறோம். சான்றிதழ் பெற்ற படத்தைச் சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டி முடக்கக்கூடாது என்று நாம் ஒவ்வொரு மனுவிலும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு, 1989ஆம் ஆண்டின் எஸ். ரங்கராஜன் எதிர் பி. ஜெகஜீவன்ராம். அது எந்தப் படத்துக்காக வழங்கப்பட்டது தெரியுமா? ‘ஒரே ஒரு கிராமத்திலே’. சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டைக் குறைகூறிய தமிழ்ப் படம். 2011இல் ‘ஆரக்ஷண்’ படத்துக்கு உத்தரப் பிரதேச அரசு விதித்த தடையை நீக்கிய தீர்ப்பும் இடஒதுக்கீட்டைச் சுற்றிய படத்துக்காகவே வந்தது. எதிராளிக்காக அடிக்கப்பட்ட கேடயத்தைத்தான் நாம் ஏந்தி நிற்கிறோம். கேடயம் உறுதியாக இருக்கிறது, ஆகவே ஏந்துவதில் தயக்கம் வேண்டாம். எனினும் கருத்துச் சுதந்திரத்தின் உயர்ந்த சொற்கள் யாருக்காக விரைவாக வந்தன என்பதை மறக்கவும் வேண்டாம்.

காணொளிக்கு முன்அனுமதி தேவையில்லை. கொலை நடந்த சில நாட்களில் எள்ளல் வெளிவர முடிந்ததன் ரகசியம் அவ்வளவுதான். தண்டனை பிறகு வரும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவு, அதாவது பழைய 153அ, பிரிவினரிடையே பகைமை வளர்த்தல். 353ஆம் பிரிவு, அதாவது பழைய 505, பொதுக்கேட்டுக்கு வழிவகுக்கும் பேச்சு. இவ்விரண்டும்தான் படைப்பாளிகளைத் தேடி வரும் வழக்கமான பிரிவுகள். புதிய நடைமுறைச் சட்டத்தின் 173(1) பிரிவுப்படி சம்பவம் எங்கு நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் பதிவு செய்யலாம். தாக்கப்பட்ட தலித் குடும்பத்துக்கு உதவ வேண்டிய இந்த ஏற்பாடு, எல்லா ஊரிலும் தெரியும் காணொளிக்கு எதிராகவும் திரும்பும். திரைப்படத்துக்கு வாசலில் ஒரு வாரியம் நிற்கிறது. காணொளிக்குப் பின்னால் நாட்டிலுள்ள அத்தனை காவல் நிலையங்களும் நிற்கின்றன.

இதற்கான மருந்தும் கையில் இருக்கிறது. சமூக ஊடகக் காணொளி ஒன்றில் பின்னணியாக ஒலித்த கவிதைக்காக மாநிலங்களவை உறுப்பினர் இம்ரான் பிரதாப்கடி மீது குஜராத்தின் ஜாம்நகரில் பதியப்பட்ட வழக்கை, 2025 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பேச்சு, எழுத்து சார்ந்த குற்றச்சாட்டில் மூன்று முதல் ஏழு ஆண்டுக்குட்பட்ட தண்டனை மட்டுமே இருக்குமானால், வழக்குப் பதிவதற்கு முன் 173(3) பிரிவின்படி முதல்நிலை விசாரணை நடத்துவதே பொருத்தம் என்று அத்தீர்ப்பு சொல்கிறது. எதையும் அவமதிப்பாகக் காணும் பலவீன மனத்தினரின் அளவுகோலால் ஒரு படைப்பை அளக்கக்கூடாது என்றும் சொல்கிறது. ‘சொசைட்டி பாவங்கள்’ மீதான புகார்களை அளக்க இதைவிடப் பொருத்தமான அளவுகோல் இல்லை. காணொளி எடுக்கும் மாணவர்கள் இந்த வழக்கின் பெயரை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது.

காவல் நிலையத்தைத் தாண்டியும் ஒரு கை நீள்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69அ பிரிவுப்படி ஒன்றிய அரசு ஒரு சேனலையே முடக்கச் சொல்லலாம். 2009ஆம் ஆண்டின் விதிகளில் 16ஆம் விதி அந்த உத்தரவை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 66அ பிரிவை வீழ்த்திய உச்ச நீதிமன்றம் இதைத் தொடவில்லை. 2024 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருந்தபோது, ‘போல்தா ஹிந்துஸ்தான்’ சேனல் முடக்கப்பட்டது. தலித் பகுஜன் மக்களின் குரலாக இந்தியில் இயங்கும் ‘நேஷனல் தஸ்தக்’ சேனலுக்கும் முடக்க உத்தரவு வந்திருப்பதாக யூடியூபிடமிருந்து அறிவிப்பு போயிற்று. 2025இல் ‘4 பி.எம்.’ சேனல் முடக்கப்பட்டு, விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற பிறகு தடை விலக்கப்பட்டது. ‘சஹயோக்’ இணையவாயில் வழியாக அரசு அலுவலர்கள் நேரடியாக நீக்கக் கோரிக்கை அனுப்பும் முறையை எதிர்த்த எக்ஸ் நிறுவனத்தின் மனுவை 2025 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நாளிதழ் அலுவலகத்தைப் பூட்டினால் ஊர் பார்க்கும். சேனலைப் பூட்டினால் பார்வையாளருக்கு ஒரு வெற்றுத் திரை தெரியும், அவ்வளவே.

‘காணொளிக்கு இருக்கும் சுதந்திரத்தைச் சினிமாவுக்கும் கொடு’ என்று கேட்கத் தோன்றும். கேட்கலாம், எச்சரிக்கையோடு கேட்க வேண்டும். 2023 நவம்பரில் வெளியிடப்பட்ட ஒளிபரப்புச் சேவை ஒழுங்குமுறை மசோதாவின் வரைவும், தனிநபர் படைப்பாளிகள் வரை அதன் வலையை விரிப்பதாகப் பேசப்பட்டு 2024 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்ட அடுத்த வரைவும் எந்தத் திசையைக் காட்டின என்பதைக் கண்டோம். ஒரே மாதிரி நடத்து என்று கேட்டால், திறந்த கதவுக்கும் பூட்டுப் போட்டுச் சமத்துவம் காட்டுகிற அரசு இது.

பெயரைச் சொல்லும் உரிமை

‘சொசைட்டி பாவங்கள்’ என்ற தலைப்பையே கவனியுங்கள். சாதி என்ற இடத்தில் ‘சொசைட்டி’ வந்து அமர்ந்திருக்கிறது. எந்தச் சாதியின் பெயரும் நேராகச் சொல்லப்படாமலேயே எல்லோருக்கும் புரிந்தது. புகார் கொடுத்தவர்களுக்கும் புரிந்தது, புரிந்ததால்தானே புகார். எள்ளலின் வலிமை அது என்று பாராட்டலாம். பெயர் சொன்னால் என்ன நடக்கும் என்ற அச்சத்தின் அடையாளம் என்றும் அதையே படிக்கலாம். நாங்கள் இரண்டாவதையும் படிக்கிறோம். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் இதழுக்குப் ‘பறையன்’ என்று பெயரிட்டார். ஒடுக்கப்பட்டவர் தன் பெயரைத் தலைப்பாக்கிக் கேள்வி கேட்ட மரபு நமக்கிருக்கிறது. ஒடுக்குகிறவரின் பெயரைச் சொல்லத்தான் நூற்றுமுப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் மாற்றுச்சொல் தேட வேண்டியிருக்கிறது.

காணொளியில் இது படைப்பாளியின் சுய எச்சரிக்கையாக நடக்கிறது. சினிமாவில் அரசாணையாக நடக்கிறது. ஜோதிராவ் பூலேயின் பிறந்த நாளான 2025 ஏப்ரல் 11 அன்று வர வேண்டிய ‘பூலே’ இந்திப் படம் இரு வாரம் தள்ளிப்போனது. ‘மகர்’, ‘மாங்’, ‘பேஷ்வாய்’ ஆகிய சொற்களை நீக்கச் சொன்னது தணிக்கை வாரியம். சாதியை மனுவின் முறையாகச் சொல்லும் பின்னணிக் குரலும் போனது. மூவாயிரம் ஆண்டு அடிமைத்தனம் என்று வந்த இடம் பல ஆண்டுகள் என்று மாறியது. மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ படத்தின் இந்தி மறுஆக்கமான ‘தடக் 2’ அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று 16 மாற்றங்களோடு வெளியானது. சாதி வசைச் சொற்கள் மாற்றப்பட்டன. அதிலும் மூவாயிரம் ஆண்டு என்ற கணக்கு வந்த வசனம் திருத்தப்பட்டது. இரண்டு வேறு படங்கள், இரண்டு வேறு இயக்குநர்கள். வெட்டப்பட்டது ஒரே எண். வாரியத்தின் கத்தரிக்கோலுக்கு இந்த எண்ணின் மீது என்ன கோபம் என்று நாம் ஆராய வேண்டியதில்லை. ஒடுக்குமுறைக்கு வயது சொன்னால் அதற்குப் பொறுப்பாளியும் உண்டு என்றாகிவிடும்.

ஆதிக்கச் சாதிப் பெருமையைப் பேசும் பாடல்களும் குறும்படங்களும் சாதிப் பெயரோடு, அரிவாள் படத்தோடு, இன்ஸ்டாகிராமில் தங்கு தடையின்றி ஓடுகின்றன. திரைப்படங்களின் தலைப்பிலேயே சாதிப் பெயர் நின்று சான்றிதழ் பெற்றிருக்கிறது. பெருமையாகச் சொன்னால் பண்பாடு, குற்றச்சாட்டாகச் சொன்னால் சட்டம் ஒழுங்குச் சிக்கல். ஊடகம் எதுவானாலும் இந்த விதி மாறுவதில்லை. ஆகவே காணொளியை விட்டுச் சினிமாவுக்குப் போனால் துணிந்து பேசலாம் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. பெரிய திரையில் முகம் பெரிதாகத் தெரியும், பெயர் சிறுத்துவிடும்.

நம்மை இழிவுபடுத்தும் காணொளிகளுக்கு எதிராகச் சட்டம் ஓரளவு வளர்ந்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), (எஸ்) பிரிவுகள் பொதுப்பார்வையில் நிகழும் சாதி இழிவைத் தண்டிக்கின்றன. பாதிக்கப்பட்டவர் நேரில் இல்லாமல் இணையத்தில் பேசப்பட்டதற்கும் இது பொருந்தும், காணொளியைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அவர் அங்கே இருப்பதாகவே கருத வேண்டும் என்று 2022 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. ஆனால் 2024 ஆகஸ்டில் ஷாஜன் ஸ்கரியா வழக்கில் உச்ச நீதிமன்றம், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரை அவமதிப்பது மட்டும் போதாது, அவருடைய சாதியின் பொருட்டு அவமதித்திருக்க வேண்டும் என்று வரம்பைச் சுருக்கியது. பட்டியலினத்தவருக்கு எதிராகப் பகையை வளர்ப்பதைத் தண்டிக்கும் 3(1)(யு) பிரிவு, காட்சி வடிவங்களையும் உள்ளடக்கியது. காவல் நிலையங்களில் அது அரிதாகவே எட்டிப்பார்க்கிறது என்பது எங்கள் நீதிமன்ற அனுபவம். புகார் மனுவில் அந்தப் பிரிவை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும்.

யாருடைய சொத்து

தேங்காய்த்திட்டில் மாணவர்களோடு சட்டம் பேசும்போதெல்லாம் எங்களை நோக்கி வரும் கேள்வி பேச்சுரிமை பற்றியதாக இருப்பதில்லை. ‘அண்ணா, நாங்க எடுத்த வீடியோ யாருக்குச் சொந்தம்?’ துறைமுகத்தையும் அலையாத்திக் காட்டையும் தங்கள் தெருவையும் கைப்பேசியில் எடுத்து ஏற்றுகிறவர்கள் அவர்கள். சிலருக்குக் குறும்பட ஆசை, சிலருக்குச் சினிமா ஆசை. நம் இயக்கங்கள் இந்தக் கேள்வியைப் போதிய அளவு பேசுவதில்லை என்று நினைக்கிறோம்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் கண்ணில் யூடியூப் காணொளியும் திரைப்படமே. திரைப்படத்தின் ‘ஆசிரியர்’ யார்? இயக்குநர் அல்ல, தயாரிப்பாளர். படத்தை உருவாக்கும் முன்முயற்சியும் பொறுப்பும் யாருடையதோ அவரே தயாரிப்பாளர். தன் கைப்பேசியில் எடுத்துத் தன் சேனலில் ஏற்றும் மாணவர் அந்தக் கணமே தயாரிப்பாளர், ஆகவே உரிமையாளர். அதே மாணவர் நாளை இன்னொருவரின் பணத்தில் படம் இயக்கினால், அந்தப் படத்தின் மீது அவருக்குப் பதிப்புரிமை கிடையாது. சுவரொட்டியில் பெயர் வரும். சொத்தில் பங்கு வராது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் கதை, பாடல், இசை எழுதியவர்களுக்கு, திரையரங்கு அல்லாத பயன்பாடுகளில் விட்டுக்கொடுக்க முடியாத உரிமத்தொகைப் பங்கை வழங்கியது. இயக்குநரை அது கண்டுகொள்ளவில்லை. எனவே இயக்குநராகப் போகிறவர்கள் கதையையும் தாங்களே எழுதி, எழுத்தாளர் என்று ஒப்பந்தத்தில் தனியே குறிப்பிடச் செய்வது அவசியம். கோபியும் சுதாகரும் சொந்தத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கியதன் பொருளை இங்கிருந்து பார்க்க வேண்டும். அரசியலை ஒரு பக்கம் வைத்துவிட்டாலும், உடைமை விஷயத்தில் அது சரியான முடிவு. பா. ரஞ்சித் நீலம் தயாரிப்பு நிறுவனத்தோடு நிற்காமல் ‘கூகை’ நூலகம், ‘நீலம்’ இதழ், பதிப்பகம் என்று விரித்ததையும் இந்தக் கோணத்தில் படிக்கலாம். ஒரு வாசல் அடைபட்டால் இன்னொன்று இருக்கும்.

இணையத்தில் உரிமை நம்முடையது என்றாலும் மனை நம்முடையதன்று. விளம்பர வருவாயில் பங்கு பெற ஆயிரம் சந்தாதாரர், ஓராண்டில் நாலாயிரம் மணி நேரப் பார்வை என்று வரம்பு வைத்திருக்கிறது யூடியூப். நீளமான காணொளிகளுக்கு 55 விழுக்காடு படைப்பாளிக்கு. வன்முறை, சர்ச்சைக்குரிய பொருள் என்று பட்டால் விளம்பரதாரருக்கு உகந்ததல்ல என்ற குறி விழும், வருவாய் குறையும். சாதிக் கொலையைப் பேசும் காணொளி எந்தப் பட்டியலில் விழும் என்று சொல்லத் தேவையில்லை. வாடகை வீட்டுக்காரருக்கு முகம் சுளிக்காத பேச்சைப் பேசப் படைப்பாளி தானாகவே பழகிக்கொள்கிறார். சமையல் காட்டத் தொடங்கியவர் சமையலோடு நின்றுகொள்கிறார்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதெல்லாம் பழங்கதையின் புதிய பதிப்பு. 1908இல் சென்னையில் ‘இந்தியா’ வார இதழின் மீது வழக்குப் பாய்ந்தபோது பாரதியும் இதழும் பிரெஞ்சு மண்ணான புதுச்சேரிக்கு இடம் பெயர்ந்தனர். பிரெஞ்சுக்காரரின் சட்டம் அச்சிடத் தடை சொல்லவில்லை. ஆங்கில அரசு எல்லையில் கைவைத்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இதழ் நுழையக்கூடாது என்றது. வாசகர்கள் அந்தப் பக்கம், அச்சகம் இந்தப் பக்கம். 1910இல் இதழ் நின்றது. சேவையகம் எங்கோ வெளிநாட்டில் இருக்கிறது என்று நிம்மதி கொள்ளும் இன்றைய சேனல்காரர் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். எழுதும் இடத்தைவிட, வாசகரை அடையும் பாதை யார் கையில் இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

அதே காலத்தில் சென்னை இராயப்பேட்டையில் அயோத்திதாசப் பண்டிதர் ‘தமிழன்’ நடத்திக்கொண்டிருந்தார். 1907 ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற பெயரில் தொடங்கிய அவ்விதழ் 1914இல் அவர் மறையும்வரை வாரந்தோறும் வந்தது. பிறகு பொது நினைவிலிருந்தே துடைக்கப்பட்டது. பழைய தாள்கள் எங்கெங்கோ காக்கப்பட்டிருந்ததால், 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டையிலிருந்து வெளிவர முடிந்தது. எண்பது ஆண்டுக்கு மேல் யாரும் தேடாமல் கிடந்த காகிதம் திரும்பிப் பேசியது. இன்று ஏற்றப்படும் ஒரு தலித் சேனல் எண்பது ஆண்டு கழித்துத் திரும்பிப் பேசுமா? நிறுவனத்தின் கொள்கை ஒருமுறை மாறினால் போதும், எண்பது நாளுக்கும் உத்தரவாதமில்லை. இணையத்தில் வந்ததை அச்சிலும் கொண்டுவாருங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது பழைமைப் பற்றினால் அன்று. காணொளியின் எழுத்து வடிவம், நேர்காணல்களின் தொகுப்பு, சிறு வெளியீடு, எதுவானாலும் சரி. பருவ இதழாக நடத்துவதானால் 2024 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்ய வேண்டும். நூலுக்கு அதுவும் தேவையில்லை.

மூலக் கோப்பை வைத்துக்கொள்வது வேறொரு காரணத்துக்காகவும் அவசியம். கோகுல்ராஜ் கொலை வழக்கில் முக்கியச் சாட்சி பிறழ்ந்த பின்னும் வழக்கு நின்றதற்கு, திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு பெரும் துணையாக இருந்தது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் தண்டனை வழங்கியது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. நீதிமன்றம் யூடியூப் இணைப்பை வைத்துத் தண்டிப்பதில்லை. பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். கோப்பின் ‘ஹாஷ்’ எண் வேண்டும். எந்தக் கருவியில் எடுத்தது என்ற விவரம் வேண்டும். சேரியில் நடந்த தாக்குதலைப் படம் பிடித்து, வெட்டி ஒட்டி, இசை சேர்த்து ஏற்றிவிட்டு மூலத்தை அழித்துவிட்டால், லட்சம் பேர் பார்த்த காட்சி விசாரணையில் ஒன்றுக்கும் உதவாமல் போகலாம். வன்கொடுமை வழக்கின் நடவடிக்கைகள் அனைத்தையும் காணொளியாகப் பதிய வேண்டும் என்று சட்டத்தின் 15அ(10) பிரிவே சொல்கிறது என்பதையும் மாணவர்கள் அறிந்து வைத்துக்கொள்ளட்டும். அதைக் கேட்டுப் பெறும் வழக்கறிஞர்கள் இன்னும் குறைவு.

கவின் படுகொலைக்குப் பின் எழுந்த அழுத்தத்தால் 2025 அக்டோபர் 17 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில், ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டத்துக்குப் பரிந்துரை செய்ய ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். தெருவில் நின்ற போராட்டங்களோடு, லட்சக்கணக்கான கைப்பேசிகளில் ஓடிய எள்ளலுக்கும் அந்த அழுத்தத்தில் பங்குண்டு என்று கருதுகிறோம். அப்படியொரு சட்டம் வந்தாலும் அது கோரிமேட்டு எல்லையோடு நின்றுவிடும். புதுச்சேரிக்கு அது தானாக வராது. 1963ஆம் ஆண்டின் ஒன்றியப் பகுதிகள் அரசுச் சட்டத்தின் கீழ் புதுச்சேரிச் சட்டப்பேரவை தனியே இயற்ற வேண்டும். தேங்காய்த்திட்டு மாணவர்கள் இதை வைத்து ஒரு காணொளி எடுக்கத் திட்டமிடுகிறார்கள். எடுக்கட்டும். அதன் உரையைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, சட்டப்பேரவைச் செயலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வரச் சொல்லியிருக்கிறோம்.